மாவுக்கட்டு ரதம்

மாவுக்கட்டு மாமா குழந்தைகள் வார்டுக்குள் கால் வைத்தால், நடமாட முடிந்த பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்கள். முடியாதவர்கள் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வார்கள். அவர் யாரையும் அதட்டியதில்லை. ஊசி போடுகிறவரும் அவர் இல்லை. ஆனால் வார்டை ஒட்டியிருந்த கட்டு அறையில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அவருடைய ரம்பம் சத்தம் போடத் தொடங்கிவிடும். எலும்பு கூடிய பிறகு மாவுக்கட்டை வெட்டி எடுக்கிற மின்சார ரம்பம் அது. கைக்கு அடக்கமான சாமான்தான். சத்தம் மட்டும் ஒரு மர அறுவை மில்லையே உள்ளே அடைத்து வைத்த மாதிரி இருக்கும். கூடவே, அது யாருடைய கையிலோ காலிலோ ஓடுகிறதோ அந்தப் பிள்ளையின் அலறலும் வரும். இரண்டையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிற மற்ற பிள்ளைகளுக்கு, தங்கள் முறை எப்போது வரும் என்பதைத் தவிர வேறு நினைப்பு ஓடாது.

இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான். அதற்கு முன்னால் அவர் வீடுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சாரத்திலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு முறிந்து, இதே அறைக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்தார். கட்டுப் போட்டவர் ஈரத்துணியை எப்படிச் சுற்றுகிறார், எங்கே அழுத்தி எங்கே தடவி விடுகிறார் என்று வலியை மறந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சுவருக்குப் பட்டி பாக்குற மாதிரியே இருக்குங்க" என்றார். கட்டுப் போட்டவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை கூடியதும் அவரிடமே உதவிக்குச் சேர்ந்தார். பயிற்சி எடுத்தார், பரீட்சை எழுதினார், சில வருஷத்தில் அந்த அறை அவருடையதாகிவிட்டது.

கை சுத்தமான கை. பெரிய டாக்டரே, "இவர் போட்ட கட்டுக்கு எக்ஸ்ரேயே வேண்டாம்" என்பார். ஆனால் அவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் கை தயங்கும் என்று பழகிக்கொண்டுவிட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கைகளும் முட்டிகளும்தான். தெருவில் ஒரு பையன் ஓடினால், இவனுக்கு நாம் எப்போதோ வலது கணுக்காலில் கட்டுப் போட்டிருக்கிறோம் என்பது நினைவு வரும், யார் என்று தெரியாது. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். பிள்ளை இல்லாததைப் பற்றி இருவரும் பேசி ஓய்ந்து பல காலம் ஆகிவிட்டது.

அந்த வருஷம் ஜன்னலோரக் கட்டிலுக்குப் பத்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வேன் மோதித் தொடை எலும்பு முறிந்திருந்தது. காலை நீட்டி, கட்டிலின் முனையில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆறு வாரம் அப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும். அவளுடைய அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வரும்போது நூலகத்திலிருந்து பழங்கால வண்டிகளைப் பற்றிய ஒரு படப்புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தார். அதிலிருந்து ஆரம்பித்தது வினை. மாத்திரை கொடுக்க வருகிற நர்ஸ், தரை துடைக்க வருகிற அம்மா, ஒருவரையும் விட்டு வைக்காமல் மூவாயிரம் வருஷத்துக் கதையைச் சொல்வாள். வார்டில் அவளுக்குச் 'சரித்திரம்' என்று பெயர் வந்தது. "சரித்திரம் சாப்பிட்டாச்சா?" என்று சமையல்கட்டிலிருந்தே கேட்பார்கள்.

ஒரு நாள் மாவுக்கட்டு மாமா அடுத்த கட்டில் பையனைப் பார்க்க வந்தார். மாடிப்படியில் உருண்டு கையை முறித்துக்கொண்ட ஏழு வயதுப் பையன். அவனை எல்லோரும் 'மாடிப்படி' என்றே கூப்பிட்டார்கள். அவன் வழக்கம்போலப் போர்வைக்குள் போய்விட்டான். அவர் கட்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"மாமா, வெட்டி எடுத்த கட்டையெல்லாம் என்ன பண்றீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். எடை தொங்குகிற கால்தான் முதலில் கண்ணில் பட்டது. "குப்பைக்குப் போகும்."

"எனக்கு ஒண்ணு வேணும். பெரிய காலோடது. முட்டிக்குக் கீழ பாதியா வெட்டினது."

"எதுக்கு?"

அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு குதிரை பூட்டிய போர் ரதம். ஓட்டுகிறவன் ஒருவன், வில் பிடித்தவன் ஒருவன். நிற்கிற இடத்துக்கு முன்னால் இடுப்பளவு வளைந்த மறைப்பு. "நேத்து உங்க தள்ளுவண்டியில ஒரு கட்டு போச்சு. அது இதே மாதிரி வளைஞ்சிருந்துச்சு. அளவெல்லாம் சரியா இருக்கும்."

அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். கெண்டைக்கால் வளைவும் அந்த ரதத்தின் வளைவும் ஒன்றுபோலவே இருந்தன. "சிஸ்டர்கிட்ட கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வார்டு சிஸ்டர் சம்மதிப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவரும் எடுத்த எடுப்பில் சம்மதிக்கவில்லை. "அண்ணே, நான் வார்டைத் துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கேன். நீங்க குப்பையை உள்ள கொண்டு வரேங்குறீங்களே."

"புண் எதுவும் இல்லாத பிள்ளைங்களோட கட்டு மட்டும் எடுக்கிறேன், சிஸ்டர். உள்ள இருக்கிற பஞ்சைப் பிரிச்சுப் போட்டுடுறேன். மருந்துத் தண்ணியில துடைச்சு, மாடியில நல்ல வெயில்ல ரெண்டு மூணு நாள் காய வெச்சுத்தான் கொடுப்பேன்."

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. "சரி. புதன்கிழமை மூணு மணிக்கு மேல வெளிநோயாளி கிடையாது. ஒரு மணி நேரம்தான். தரையில ஒரு துளி மாவு இருந்தாலும் நீங்கதான் துடைக்கணும்."

பந்து விளையாடிக் காலை முறித்துக்கொண்ட ஒரு பையனின் கட்டு அந்த வாரம் வெட்ட வந்தது. அதன் பாதி ஓடு மாடியில் மூன்று நாள் வெயில் குடித்தது. அதில் நண்பர்கள் எழுதியிருந்த கையெழுத்துகளும், தொப்பி போட்ட ஒரு யானையும் அப்படியே இருந்தன. புதன்கிழமை அதைக் கொண்டுபோய் சரித்திரத்தின் கையில் கொடுத்தபோது, போர்வைக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. ரம்பம் கையில் இல்லாத மாவுக்கட்டு மாமாவை அவர்கள் அன்றுதான் பார்க்கிறார்கள்.

சாமான்கள் தானாக வந்து சேர்ந்தன. நிற்கிற பலகைக்கு மருந்துப் பெட்டி அட்டை மூன்று மடிப்பு. அச்சுக்கு யாருடைய அம்மாவோ தூக்கிப் போடவிருந்த குடையின் கம்பி. குதிரைகளுக்குக் காலியான குளுக்கோஸ் பாட்டில் இரண்டு. சக்கரத்துக்கு மாடிப்படி இரண்டு டப்பா மூடி கொண்டுவந்தான். சரித்திரம் ஒரே பார்வையில் தள்ளிவிட்டாள்.

"இது சக்கரம் இல்ல, மூடி. அந்தக் காலத்துல மூடியா மாட்டினாங்க? நடுவுல ஆரக்கால் வேணும். ஆறு."

"மூடி போதும். வேகமா ஓடும்" என்றான் மாடிப்படி.

"வேகமா ஓடினா போதுமா? ரதமா இருக்க வேணாமா?"

இருவரும் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தார். அந்தக் காலத்துத் தச்சர்கள் மரத்தை வளைத்துத் துண்டு துண்டாகச் சேர்த்துச் சக்கரம் செய்தார்கள். சேர்த்த இடத்தில் மாட்டின் பச்சைத் தோலை ஈரத்தோடு சுற்றிக் காயவிட்டார்கள். காயக் காயத் தோல் இறுகி, மரத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. இதைத் திரும்ப ஒரு முறை வாசித்தார்.

"ஈரமா சுத்திக் காய விடுறது" என்றார். "இது நம்ம வேலைதான்."

மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் ஈரக் கையோடு உட்கார்ந்து, இறுகட்டும் என்று காத்திருந்திருக்கிறான். காய்வதற்குள் அசைக்காதே என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லியிருப்பான். தான் ஒரு நாளைக்கு இருபது முறை சொல்கிற அதே சொல். அந்த நினைப்பு அவரை என்னவோ செய்தது. 

வழி பிடிபட்டுவிட்டது. முன்கைக் கட்டு ஒன்றை வளையம் வளையமாக நறுக்கினால் சக்கரத்தின் விளிம்பு கிடைக்கும். ஏற்கெனவே இரண்டு பாதியாக வெட்டிய கட்டுதான்; அரை வளையங்களைச் சேர்த்து, மிச்சமான மாவுத்துணியை நனைத்துச் சுற்றினால் முழு வளையம். ஐஸ் குச்சி ஆரக்கால். கட்டுச் சுருளின் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் குழல், அச்சு நுழைகிற குடம். எல்லாம் சரி. நறுக்குவதற்கு மட்டும் ரம்பம் வேண்டும்.

அடுத்த புதன்கிழமை அவர் ரம்பத்தை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார். துண்டை விரித்ததுதான் தாமதம், கட்டிலைச் சுற்றி ஒரு பிள்ளை இல்லை. மாடிப்படி கட்டிலுக்கு அடியில். சரித்திரத்தால் மட்டும் எங்கேயும் போக முடியாது. அவள் விரல்கள் போர்வையைப் பிடித்திருந்த பிடியை அவர் பார்த்தார். பிறகு, எப்படியோ, அவள் முகத்தையும் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது.

"இது சதையை வெட்டாது. சுத்துற ரம்பம் இல்ல. இருந்த இடத்துலயே நடுங்கும், அவ்வளவுதான். கெட்டியா இருக்கிறதை மட்டும்தான் அறுக்கும்." இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிற பாடம் அது. ரம்பத்தை ஓடவிட்டு உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தோல் அதிர்ந்தது, ஒன்றும் ஆகவில்லை.

சரித்திரம் உள்ளங்கையைப் பார்த்தாள். "இதுவரைக்கும் யாருக்குமே ஒண்ணும் ஆனது இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் வழக்கம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. அவர் ரம்பத்தை நிறுத்திக் கட்டிலில் வைத்தார்.

"ஒருத்தனுக்கு ஆச்சு" என்றார். "நான் சேந்து மூணாவது வருஷம். ஆறு வயசுப் பையன். வெளிய இருபது பேர் நின்னாங்க. நான் நிறுத்தாம ஓட்டிட்டேன். ரொம்ப நேரம் ஓடினா இந்தத் தகடு சூடாயிடும். அவன் அழுதான். கட்டைப் பிரிச்சுப் பாத்தா, கெண்டைக்கால்ல ரெண்டு விரல் நீளத்துக்குச் சுட்ட கோடு."



"அவன் அழுதது உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள்.

"கேட்டுச்சு. எல்லாரும் அழறாங்க, இவனும் அழறான்னு நினைச்சுட்டேன்."

  அன்று அந்தப் பையனின் அம்மா அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். டாக்டரிடம் அவரே போய்ச் சொன்னார். அதிலிருந்து நாலு விரற்கடைக்கு ஒரு முறை நிறுத்தி, தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறார். பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதை விட்டதும் அன்றிலிருந்துதான். இதை மட்டும் அவர் அவர்களிடம் சொல்லவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல். "சூடா இருந்தா நாங்க சொல்லலாமா?"

"சொல்லணும்டா."

"அழுதுகிட்டே எப்படிச் சொல்றது?"

நியாயமான கேள்வி. சரித்திரம் யோசித்தாள். "ஒரே வார்த்தையா வெச்சுக்கலாம். ரதம் ஓட்டுறவன் குதிரைகிட்ட சொல்ற மாதிரி. 'நில்'லுன்னா நிக்கணும். என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது."

"சரி" என்றார் அவர்.

"சும்மா சொன்னாலும் நிக்கணும்" என்றது கட்டிலடி.

"சும்மா சொன்னாலும் நிக்கிறேன்."

முன்கைக் கட்டை ஒரு பலகையில் வைத்து ரம்பத்தை ஓட்டினார். ஒரு நூல் இறங்குவதற்குள் "நில்" என்றாள் சரித்திரம். நின்றது. தகட்டைத் தொட்டுக் காட்டினார். மறுபடி ஓடியது. "நில்" என்றது இன்னொரு கட்டில். நின்றது. அப்புறம் என்ன, பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா. ஆளுக்கு ஒரு முறை, இரண்டு முறை, பத்து முறை. அவ்வளவு பெரிய சத்தத்தைத் தங்கள் ஒரு சொல் அணைத்துப் போடுகிறது என்பதை நம்ப அவர்களுக்கு நேரம் பிடித்தது. மாடிப்படி வெளியே வந்துவிட்டான். கடைசியில் ரம்பத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அது ஓடாதபோதுகூட "நில்" என்று சொல்லிப் பார்த்தான். நாலு மணி அடித்தபோது ஒரு வளையம்கூட முழுதாக நறுக்கியாகவில்லை. சிஸ்டர் வாசலில் நின்று எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. தரையைத் துடைக்கிற துணியை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மனைவி மிஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ரதத்தைப் பற்றியும் அந்த ஆறு வயதுப் பையனைப் பற்றியும் சொன்னார். அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இத்தனை வருஷமா என்கிட்டகூடச் சொல்லலையேங்க."

"உன்கிட்டன்னு இல்ல. யார்கிட்டயும் சொல்ல வாயே வரல."

"இப்போ எப்படி வந்துச்சு?"

"பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு கேட்டுடுச்சு."

அவள் வெட்டுத்துணிகள் போட்டிருந்த பையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்துக் கொடுத்து, "குதிரைக்குப் போர்த்துங்க" என்றாள்.

ரதம் முடிய இன்னும் இரண்டு புதன்கிழமை ஆனது. முதல் சக்கரம் முட்டை வடிவத்தில் வந்தது, ஈரம் காய்வதற்குள் மாடிப்படி தூக்கிப் பார்த்துவிட்டான். இரண்டாவது நன்றாக வந்தது. குதிரைகளுக்கு அட்டையில் முகம் மடித்தார்கள். ஒன்று ஓரளவு குதிரை மாதிரி இருந்தது. இன்னொன்றைப் பார்த்த சரித்திரத்தின் அப்பா, "இந்த ஆட்டை ஏன்மா ரதத்துல கட்டியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, மகள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். பின்பக்கம் திறந்தபடியே விட்டார்கள், ஏறி இறங்க அப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. யானைக்குத் தொப்பி வரைந்திருந்த பக்கம் முன்னால் வந்தது. நூலைக் கட்டி வார்டின் ஒரு கோடியிலிருந்து இழுத்தபோது, ரதம் சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளாடிக்கொண்டு, ஆனால் கவிழாமல், மறு கோடிவரைக்கும் போய்ச் சேர்ந்தது. எழுந்து நிற்க முடியாத பிள்ளைகள் கட்டில் கம்பியில் தட்டினார்கள்.

மறு வாரம் சரித்திரத்துக்கு எடையை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து கால்வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ரதம் யாருக்கு என்று பேச்சு வந்தது. அவள் ஒரு பகல் முழுவதும் யோசித்துவிட்டு, "வார்டுலயே இருக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு போனாள்.

கட்டு அறையில் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் 'நில்' சொல்லப் பழக்கினார் மாவுக்கட்டு மாமா. அதனால் வரிசை நீண்டது. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பெரிய டாக்டர் ஒரு நாள் உள்ளே வந்து, "என்னப்பா, பத்து நிமிஷ வேலைக்கு இருபது நிமிஷம் ஆகுதாமே?" என்றார். அவர் காரணத்தைச் சொன்னார். டாக்டர் ஒரு ஓரமாக நின்று மூன்று பிள்ளைகளைப் பார்த்தார். ஒருத்தி அழுதாள், ஆனால் அழுதுகொண்டே தன் கையைத் தானே நீட்டினாள்.  அடுத்த வாரத்திலிருந்து கட்டு வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது.

ஆறு வாரம் கழித்துச் சரித்திரம் கட்டுப் பிரிக்க வந்தாள். பெரிய கட்டு, நெடுகிலும் வெட்ட வேண்டும். ஏழு முறை "நில்" என்றாள். அதில் ஒரு முறைதான் சூடு. மற்ற ஆறும் பயம். ஏழு முறையும் நின்றது. கட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தபோது அவள் தன் காலைப் பார்த்தாள். குச்சியாக இளைத்து, தோல் உலர்ந்து, வேறு யாருடைய காலோ மாதிரி கிடந்தது. வெட்டும்போது அழாதவள் அப்போது அழுதாள்.

அப்பா அவள் தலையைத் தடவினார். மாவுக்கட்டு மாமா ரம்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"கட்டுக்குள்ள இருந்த காலெல்லாம் இப்படித்தான் இருக்கும். எல்லாம் தேறிடும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "எல்லாம்னு சொன்னா பொய். சிலது அரைகுறையாத்தான் தேறும். உன்னோட எக்ஸ்ரேயை நான் பாத்தேன். எலும்பு நேரா கூடியிருக்கு. உன்னோடது தேறும். ஆனா கொஞ்ச நாள் தாங்கித் தாங்கித்தான் நடப்ப."

"எவ்வளவு நாள்?"

"மூணு மாசம். நாலுகூட ஆகலாம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாலு மாசம் என்றால் எந்த மாதம் என்று விரல் விட்டு எண்ணினாள். அழுகை எண்ணிக்கையில் கரைந்துவிட்டது.

போகும்போது வார்டை எட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். அப்பா தூக்கிக்கொண்டு போனார். ரதம் ஜன்னல் விளிம்பில் நின்றது. ஒரு சக்கரம் மாற்றியிருந்தார்கள். ஆடு மாதிரி இருந்த குதிரைக்குத் தலை போய்விட்டிருந்தது. மறைப்பில் அவளுக்குத் தெரியாத பிள்ளைகள் ஏதேதோ கிறுக்கியிருந்தார்கள். வருத்தப்படுவாள் என்று சிஸ்டர் நினைத்தார்.

"புத்தகத்துல இருக்கிறதெல்லாம் புதுசா இருக்கு" என்றாள் சரித்திரம். "நிஜமா ஓடினது இப்படித்தான் இருந்திருக்கும்."

மூன்று மாசம் சொன்னது அவளுக்கு ஐந்து மாசம் ஆனது. கணக்குத் தப்பியதை மாவுக்கட்டு மாமாவிடம் அவள் எடுத்துச் சொன்னாள். அவரும் ஒப்புக்கொண்டார். கட்டு அறையில் இன்றைக்கும் அழுகை கேட்கத்தான் செய்கிறது. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் எந்தச் சொல்லும் எடுபடாது. அவர்களிடம் அவர் 'நில்'லுக்குக் காத்திருப்பதில்லை, தானே நிறுத்திவிடுகிறார். ஆனால் பிள்ளைகளின் முகம் இப்போது அவருக்கு அடையாளம் தெரிகிறது. கடைத்தெருவில் யாராவது "மாமா" என்று கையாட்டினால், எந்தக் கால் என்று யோசிக்காமலே கையாட்டுகிறார்.

போன வாரம் ஆஸ்பத்திரி மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி பார்க்க ஏறிய காவல்காரர், நர்ஸுகளின் வெள்ளை ஏப்ரன்கள் காய்கிற கொடிக்குக் கீழே, கையும் காலுமாகப் பதினோரு மாவுக்கட்டு ஓடுகள் வரிசையாகக் காய்வதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"என்னங்க இது, இத்தனை காலும் கையும் எதுக்குக் காயுது?"

"இன்னும் முடிவாகல" என்றார் கொடிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாவுக்கட்டு மாமா. "ஒரு கட்சி பாய்மரக் கப்பல்ங்குது. இன்னொரு கட்சி முதல்முதலா ஓடின ரயில் இன்ஜின்ங்குது. புதன்கிழமை தெரியும்."

குனிந்து, ஓடுகள் ஒவ்வொன்றையும் உட்பக்கம் வெயில் படும்படி திருப்பி வைத்தார்.